மலையில் ஓட்ட எந்த ஆர்சி டிரக்: நைட்ரோவா, பேட்டரியா, பெட்ரோலா, கிராலரா?

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள்: ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி டிரக்கில் எதை வாங்குவது? கேத்தி பாலாடாவிலிருந்து ஒரு தம்பி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். "நைட்ரோ டிரக் வாங்கலாம்னு இருக்கேனுங்ணா, எது நல்லது?" என்றான். கூடலூரிலிருந்து ஓர் அம்மா. அவருடைய பன்னிரண்டு வயது மகன் வீடியோ பார்த்துப் பார்த்து, புகை விடும் வண்டிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறானாம். மூன்றாமவர் என் வயது நண்பர், கட்டபெட்டு பக்கம் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். அவருடைய தேவை ஒரே வரிதான்: "பெருசா இருக்கணும், சத்தம் கேட்டா நாலு பேர் திரும்பிப் பாக்கணும்."

மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். நான் கோத்தகிரிக்காரன், தேயிலை ஃபேக்டரியில் மெக்கானிக். பதினோரு வருடமாக நைட்ரோ, அதாவது மெத்தனால் கலவையில் ஓடும் குட்டி எஞ்சின் வண்டி, ஓட்டுகிறேன். கூடவே ஒரு பேட்டரி டிரக்கும், மெதுவாகப் பாறை ஏறும் ஒரு கிராலரும் உண்டு. பெட்ரோல் வண்டி எனக்குச் சொந்தமில்லை. நண்பர் ஒருவருடையதை இரண்டு முறை பிரித்துக் கோத்திருக்கிறேன். நைட்ரோ மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் ஜாஸ்தி. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஆர்சி என்றால் ரேடியோ கண்ட்ரோல். ரோட்டோரம் வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, ரோந்து வந்த போலீஸ்காரர் "என்னப்பா இது?" என்று கேட்க, "ஆர்சி வண்டி சார்" என்றேன். "அப்ப ஆர்சி புக்க எடு" என்றார். சிரித்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

கோயம்புத்தூரில் இருப்பவர் வாங்கப் போனால் வேகம் என்ன, விலை என்ன என்று கேட்டாலே பாதி முடிவாகிவிடும். மலையில் அந்த இரண்டும் கடைசி.

முதலில் காற்று. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டிக் காற்று கடல்மட்டக் காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. காற்றை இழுத்து எரிக்கிற எந்த எஞ்சினும் அந்த அளவுக்குச் சக்தி இழக்கும். கார்புரேட்டர் அதைத் தானாகச் சரிசெய்துகொள்ளாது, நீங்கள்தான் ஸ்க்ரூ டிரைவரோடு குனிய வேண்டும். பேட்டரி மோட்டாருக்கு இந்தக் கவலையே கிடையாது.

இரண்டாவது, எரிபொருள் எங்கிருந்து வரும். மூன்றாவது, ஓட்ட இடம். இங்கே சமதரை என்பது பள்ளிக்கூட மைதானம், ஊர் மைதானம், இல்லையென்றால் யாராவது வீடு கட்டச் சமன்படுத்திப் போட்ட மனை. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் ரோட்டில் ஒன்பதாவது மைல் புல்வெளியைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஆசைப்படாதீர்கள், அது வனத்துறை நிலம். நான்காவது, சத்தம். அக்கம்பக்கத்தாரை ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம், தேயிலைக்குள் மேயும் காட்டெருமையிடம் அது நடக்காது. ஐந்தாவது, கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள், பாகம் எத்தனை நாளில் வரும். ஆறாவது, பலரும் கேட்க மறப்பது: ஒரு மணி நேரம் ஓட்ட, எத்தனை மணி நேரம் கை அழுக்காக வேண்டும்?

விலைக்கு ஒரு பின்னணி உண்டு. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். பெரியவர்கள் ஓட்டுகிற வண்டி என்று நாம் சொன்னாலும் பார்சலைத் திறக்கிறவர் கண்ணுக்கு அது பொம்மைதான். ஆகவே வெளிநாட்டுத் தளத்தில் தெரியும் விலையை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். உள்நாட்டில் ஸ்டாக் வைத்திருக்கும் கடையில், பாகமும் அங்கேயே கிடைக்கும் மாடலை வாங்குங்கள். கீழே நான் சொல்லும் ரூபாய்க் கணக்கெல்லாம் விசாரித்தவரைக்கும் உள்ள தோராயம்.

## நைட்ரோ

நைட்ரோ எஞ்சின் ஒரு குட்டி டூ-ஸ்ட்ரோக். 18 என்று போட்டிருந்தால் 0.18 கன அங்குலம், அதாவது 3 சிசிக்குச் சற்றுக் கீழே. ஸ்பார்க் பிளக் கிடையாது, குளோ பிளக். அதற்குள் பிளாட்டினம் கலந்த ஒரு சின்னக் கம்பிச்சுருள். ஸ்டார்ட் பண்ணும்போது இக்னைட்டர் வைத்து அதைப் பழுக்க வைக்கிறோம், எஞ்சின் பிடித்துக்கொண்டதும் மெத்தனாலோடு நடக்கும் வினையாலும் எரியும் சூட்டாலும் அது தானே பழுத்துக்கொண்டிருக்கும். எரிபொருள் என்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்தது. எண்ணெயில் பெரும்பாலும் விளக்கெண்ணெயும் இருக்கும். நைட்ரோ வண்டி ஓடிய இடத்தில் நிற்கும் அந்த வாசனைக்குப் பாதிக் காரணம் அதுதான். பழைய டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல்-லோ ஆர்எக்ஸ் 100-ஓ வைத்திருந்தவர்களுக்கு இந்த மயக்கத்தைப் புரியவைக்கத் தேவையில்லை.

அருவங்காட்டுப் பக்கம் 'நைட்ரோ' என்று சொன்னால் பெரியவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார்கள். வெடிமருந்து செய்யும் கார்டைட் ஃபேக்டரி ஊர் அல்லவா. அது நைட்ரோகிளிசரின், இது நைட்ரோமீத்தேன், இரண்டும் வேறு. ஆனாலும் அந்தப் பகுதியில் போய் எஞ்சினை அலறவிட வேண்டாம்.

மலையில் நைட்ரோவின் கதை முழுக்க நீடிலில், அதாவது எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் திருகில், இருக்கிறது. வலப்பக்கம் திருகினால் எரிபொருள் குறையும், அதை லீன் என்போம். இடப்பக்கம் திருகினால் கூடும், அது ரிச். மேட்டுப்பாளையத்தில் கச்சிதமாக ட்யூன் பண்ணிய வண்டியைக் கோத்தகிரிக்கு ஏற்றிவந்தால் காற்று மெலிந்து மிக்சர் (காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவை) ரிச்சாகிவிடும். புகையாகக் கக்கி, இழுக்காமல் நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் எஞ்சினுக்குச் சேதமில்லை. இதைத் தலைகீழாகச் செய்தால்தான் ஆபத்து. நான் செய்திருக்கிறேன். ஊட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருமையாக ஓடிய வண்டியை, நீடிலைத் தொடாமல் அடுத்த வாரம் கோயம்புத்தூரில் நண்பர்கள் முன்னால் இறக்கினேன். கீழே காற்று அடர்த்தி, மிக்சர் லீன். முதல் நான்கு நிமிடம் ராக்கெட் மாதிரி போனது, எல்லாரும் கைதட்டினார்கள். ஐந்தாவது நிமிடம் 'கிறீச்' என்று நின்றது. பிஸ்டன், அது ஓடும் உருளையான ஸ்லீவ், கனெக்டிங் ராடு மூன்றும் போயிற்று. லீன் ஆன எஞ்சின் சாகும் முன்தான் மிக வேகமாக ஓடும்.

அதனால் டெம்பரேச்சர் கன் ஒன்று வாங்குங்கள். ஹெட் 100 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். கன் இல்லையென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர்: ஹெட்டில் விட்டால் மூன்று நான்கு விநாடி கொதித்து ஆவியாக வேண்டும். விழுந்த கணமே மறைந்தால் சூடு அதிகம். நீடிலை ஒரே தடவையில் எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

இங்கே ஒரே நாளிலேயே மூன்று காற்று. காலை ஏழு மணிக்குக் குளிர்ந்து அடர்ந்த காற்று, பதினொரு மணிக்கு வெயில், மூன்று மணிக்கு மேல் மஞ்சு (மூடுபனி) இறங்கிவிடும். பதினொரு மணிக்குச் செட் பண்ணிய நீடில் சாயங்காலக் குளிரில் லீன் பக்கம் சாயும். மஞ்சின் ஈரம் ஆக்சிஜனைக் குறைத்து, கொஞ்சம் ரிச் பக்கம் இழுக்கும். இந்த இழுபறியை ரசிப்பவர்களுக்கு நீலகிரி மாதிரி ஊர் கிடையாது. ரசிக்காதவர்களுக்கு இது மாதிரித் தலைவலியும் கிடையாது.

குளிரில் ஸ்டார்ட் பண்ணுவது தனி வித்தை. இந்த எஞ்சின்களில் பிஸ்டன் மேலே போகும்போது ஸ்லீவ் வேண்டுமென்றே இறுகப் பிடிக்கும். சூடானால்தான் சரியான இடைவெளி வரும். டிசம்பரில் உறைபனி விழுந்த காலையில் புல் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் கயிறு அறும், அல்லது ராடு தேயும். ஹேர் டிரையரால் ஹெட்டைத் தொட முடியாத சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இழுங்கள். கயிற்றை ஓர் அடிக்கு மேல் இழுக்க வேண்டாம். திடீரென்று கயிறு நகரவே மறுத்தால் உள்ளே எரிபொருள் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பலம் காட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, நாலு இழுப்பு இழுத்தால் துப்பிவிடும்.

மெலிந்த காற்றுக்கு நைட்ரோவிடமே ஒரு பதில் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு ஆறரைக்குச் சற்றுக் குறைவு, நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதியைத் தன் மூலக்கூறிலேயே சுமந்து வருகிறது. கீழே 16 சதவீத நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருள் போதும் என்றால் ஊட்டியில் 25 சதவீத எரிபொருள் இழந்த இழுப்பில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

விலை இருக்கட்டும், எரிபொருள் கிடைப்பதே பெரும்பாடு. நீலகிரியில் இதை விற்கும் கடை எனக்குத் தெரிந்து இல்லை. கோவை, சென்னை, பெங்களூரு ஹாபி கடைகளில் சொல்லிவைத்து வாங்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் கூரியரில் போடமாட்டார்கள், பஸ்ஸில் கொண்டுவரவும் கூடாது. சொந்த வண்டியில்தான். மெத்தனால் என்ற சொல்லுக்கே தமிழ்நாட்டில் ஒரு நிழல் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். அதனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள், வேறு பாட்டிலில் மாற்றி ஊற்றாதீர்கள், நீங்களே கலக்க நினைக்கவே நினைக்காதீர்கள். ஒருமுறை குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பாட்டில் சோதனை செய்தவர் என் கேனைத் தூக்கிப் பார்த்து "என்னங்க, ரோஸ்மில்க்கா?" என்றார். அவர் கேட்டது விளையாட்டுக்கு, எனக்கு முதுகு சிலிர்த்தது. இளஞ்சிவப்பில் சாயமிட்ட அந்தத் திரவத்தை ஒரு குழந்தையும் அப்படித்தான் பார்க்கும். ஒரு வாய் குடித்தால் கண் போகும், உயிரும் போகும். பூட்டி வையுங்கள். இன்னொன்று: மெத்தனால் தீ பட்டப்பகலில் கண்ணுக்கே தெரியாது. வீட்டுக்குள், ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட்டாதீர்கள்.

கடையில் யாரும் சொல்லாத செலவுகள்: குளோ பிளக்குகள், சார்ஜ் ஏறும் இக்னைட்டர், எரிபொருள் ஊற்றும் பாட்டில், ஏர் ஃபில்டர் எண்ணெய், கிளட்ச் பேரிங், ஆஃப்டர்-ரன் எண்ணெய். கடைசியாகச் சொன்னது மலையில் கட்டாயம். மெத்தனால் ஈரத்தை உறிஞ்சும், எரிந்த மிச்சம் அமிலமாக அரிக்கும். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, உள்ளே மிஞ்சியதை எரித்து, பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டு எண்ணெய் விட்டுச் சுழற்ற வேண்டும். இதைச் செய்யாமல் வைத்தால், ஆடி மாத ஈரத்தில் ஒரே வாரத்தில் பேரிங் துருப்பிடிக்கும். எரிபொருள் கேனும் அப்படித்தான், மூடி தளர்ந்தால் மஞ்சைக் குடித்துவிடும்.

வண்டியில் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்குக் கரண்ட் கொடுக்கும் நாலு ஏஏ பேட்டரியையும் அலட்சியப்படுத்தாதீர்கள். குளிரில் அது தளர்ந்தால் திராட்டில் திறந்தபடியே நின்றுவிடும். என்னுடைய முதல் வண்டி அப்படித்தான் இரண்டு தேயிலைச் சரிவைத் தாண்டிக் கீழ் ரோட்டில் போய் விழுந்தது. அந்த நேரத்தில் பஸ் வரவில்லை. ஃபெயில்சேஃப் (சிக்னலோ பேட்டரியோ தளர்ந்தால் தானே திராட்டிலை மூடும் ஏற்பாடு) இல்லாத நைட்ரோவை மலையில் இறக்கக் கூடாது.

கணக்கு இப்படி: 75 மில்லி டேங்க் எட்டு முதல் பத்து நிமிடம் ஓடும், ஒரு லிட்டருக்குப் பதின்மூன்று டேங்க், ஏறத்தாழ இரண்டு மணி நேர ஓட்டம். புது எஞ்சினின் முதல் நாலைந்து டேங்க் பதப்படுத்தவே போய்விடும். ரிச்சாக வைத்து, மெதுவாக ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். ஆரம்பநிலை 1/10 வண்டி (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு) இருபது முப்பதாயிரத்துக்குள் அமையும். மேலே சொன்ன சாமான்களுக்கு இன்னொரு ஐந்தாறாயிரம் ஒதுக்குங்கள். என் அனுபவத்தில் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரக் கைவேலை.

நைட்ரோ யாருக்கு? ஓட்டுவதைவிடக் கழற்றி மாட்டுவதில் மனம் போகிறவருக்கு, மாதம் ஒருமுறையாவது சொந்த வண்டியில் கோவை போய்வருகிறவருக்கு, பக்கத்து வீடு தள்ளி இருப்பவருக்கு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் யோசியுங்கள்.

## பிரஷ்லெஸ் பேட்டரி டிரக்

பிரஷ்லெஸ் என்றால் கரி பிரஷ் இல்லாத மோட்டார். உயரம் இதன் சக்தியைத் தொடாது. ஸ்விட்சைப் போட்டால் ஓடும். மூன்று செல் லைப்போவோடு (லித்தியம் பாலிமர் பேட்டரி) 1/10 வண்டி, அதே அளவு நைட்ரோவைச் சமதரையில் அநாயாசமாக முந்தும். இதை எழுத எனக்கே மனமில்லை, ஆனால் உண்மை.

மலை இதை வேறு வழியில் சோதிக்கும். ஏற்றத்தில் தொடர்ந்து முழு திராட்டில் கொடுத்தால் மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கொதித்துப்போகும். வண்டியோடு வரும் பினியனைவிட (மோட்டாரில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) இரண்டு பல் குறைந்த பினியன் போடுங்கள். உச்ச வேகம் குறையும், மோட்டார் பிழைக்கும். ஐந்து மணிக் குளிரில் லைப்போவின் வோல்டேஜ் சட்டென்று சரியும். நான் பேட்டரியை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு போய், ஓட்டும் நேரத்தில்தான் மாட்டுவேன். சில்லென்று இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடக் கூடாது, அறைச் சூட்டுக்கு வரட்டும்.

லைப்போவுக்குச் சில விரதங்கள் உண்டு. செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட் முழு சார்ஜ், 3-க்குக் கீழே இறங்கக் கூடாது, ஒரு வாரத்துக்கு மேல் சும்மா வைப்பதானால் 3.8-ல் வைக்க வேண்டும். முழுச் சார்ஜில் மழைக்காலம் முழுக்க அலமாரியில் கிடந்தால் உப்பிவிடும். சார்ஜ் ஏறும்போது தூங்கப் போகாதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் வாளியோடு போராட வேண்டிவரும்.

மறைந்திருக்கும் செலவு சார்ஜரிலும் இரண்டாவது பேட்டரியிலும். வண்டியோடு வரும் சார்ஜர் பெரும்பாலும் ஒப்புக்குத்தான். எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர், தீத்தாங்கும் பை, கூடுதலாக ஒரு பேட்டரி எல்லாம் சேர்த்தால் வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு. 12 வோல்ட் உள்ளீடும் இருக்கிற சார்ஜராகப் பாருங்கள், மழையில் மரம் விழுந்து கரண்ட் இரண்டு நாள் வராத ஊர் நம்முடையது. கார் பேட்டரியில் போட்டுக்கொள்ளலாம். 'வாட்டர்ப்ரூஃப்' என்ற வார்த்தை எலெக்ட்ரானிக்ஸுக்கு மட்டும்தான், பேரிங்குக்கு அல்ல. சேற்றில் ஓட்டிவிட்டு அப்படியே வைத்தால் நைட்ரோ மாதிரியே இதுவும் துருப்பிடிக்கும்.

வேகம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை முழுதும் வேலை பார்க்க முடியாது, காலனியில் வீடு: இந்த மூன்றும் உள்ளவர் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை.

## பெட்ரோல் 1/5

இது வேறு ஜாதி. நீளம் எண்பது சென்டிமீட்டருக்கும் மேல், எடை பத்து கிலோவைத் தாண்டும், எஞ்சின் 23 முதல் 30 சிசி. கடையில் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் விலை லட்சத்தைத் தொடும்.

ஆனால் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த எஞ்சின் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். புல் வெட்டும் மிஷினிலும் கொழுந்து பறிக்கும் மிஷினிலும் இருக்கும் டூ-ஸ்ட்ரோக்கின் பங்காளி இது. அதே மாதிரி டயாஃப்ரம் கார்புரேட்டர், அதே மாதிரி ஸ்பார்க் பிளக், அதே கயிறு. நைட்ரோ எஞ்சினைக் கண்டால் தலையைச் சொறியும் ஊர் மெக்கானிக், இதைப் பத்து நிமிடத்தில் பிரித்துவிடுவார். மலையில் ரிப்பேர் என்ற அளவுகோலில் இதற்குத்தான் முதல் மதிப்பெண்.

எரிபொருளும் உள்ளூரிலேயே: பங்க் பெட்ரோல், 25-க்கு 1 என்று 2டி ஆயில். சில பங்குகளில் கேனில் ஊற்ற மறுப்பார்கள், அதற்குப் பைக் டேங்க் இருக்கிறது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். டேங்கில் விட்டுவைத்தால் கார்புரேட்டர் டயாஃப்ரம் விறைத்துப்போகும். ஓட்டியதும் வடித்துவிடுங்கள். இதற்கும் உயரத்துக்கேற்ப ஸ்க்ரூ திருப்ப வேண்டும், ஆனால் நைட்ரோ மாதிரி மணிக்கொரு தரம் கெஞ்சாது. ஒரு டேங்க் அரை மணிக்கு மேல் தாங்கும்.

பிரச்சினை இடமும் ஆபத்தும். பத்துப் பன்னிரண்டு கிலோ எடை, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் முழங்காலில் மோதினால் கால் முறியும். கோத்தகிரி காந்தி மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் நேரத்தில் இதை இறக்குவது பாவம். சத்தமும் மரம் அறுக்கும் மிஷின் போடும் சத்தம்தான். சொந்தமாக அல்லது அனுமதியோடு ஒரு பெரிய வெற்றிடம் இல்லாதவர் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

## கிராலர்

மெதுவாகப் பாறை ஏறும் பேட்டரி வண்டி. நடக்கிற வேகம்தான், நாலு சக்கர டிரைவ், மிருதுவான டயர். சமவெளிக்காரர்கள் இதற்காகச் செங்கல் அடுக்கி, மண் கொட்டிப் பாதை செய்கிறார்கள். நமக்கு வீட்டுக்குப் பின்னால் கல் கட்டு இருக்கிறது, சில்வர் ஓக் வேர் இருக்கிறது, ஓடையோரப் பாறை இருக்கிறது. இந்த மலையே கிராலருக்காகச் செய்து வைத்தது போலத்தான்.

சத்தம் இல்லை. ஒரு பேட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும். உயரம் பொருட்டல்ல. ஜூலையில் வெளியே காலெடுத்து வைக்க முடியாத மழை என்றால், வீட்டுக்குள்ளேயே தலையணை, செருப்பு, பழைய புத்தகக் கட்டு என்று பாதை போடலாம். 1/16, 1/24 அளவில் மூன்று நாலாயிரத்திலேயே ஆரம்பிக்கலாம், நல்ல 1/10 முப்பதாயிரத்துக்கு மேல் போகும். மறைமுகச் செலவு உங்கள் மனதில்தான்: டயர், பித்தளை எடை, புது பாடி, குட்டி விளக்கு என்று மாதாமாதம் ஏதாவது வாங்கத் தோன்றும். வேகம் என்ற போதை இதில் கொஞ்சமும் இல்லை. அது வேண்டியவருக்குப் பத்து நிமிடத்தில் கொட்டாவி வரும்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | நைட்ரோ | பிரஷ்லெஸ் | பெட்ரோல் 1/5 | கிராலர் |
|---|---|---|---|---|
| உயரம், குளிர் | தினமும் ட்யூனிங் | சக்தி குறையாது, பேட்டரியைச் சூடாக வைக்க வேண்டும் | எப்போதாவது ட்யூனிங் | கவலையில்லை |
| எரிபொருள் | கீழே போய்த்தான் | வீட்டுக் கரண்ட் | பங்க் | வீட்டுக் கரண்ட் |
| இடம் | நடுத்தர மைதானம் | நடுத்தர மைதானம் | பெரிய வெற்றிடம் | கொல்லைப்புறம் போதும் |
| சத்தம் | அதிகம் | குறைவு | மிக அதிகம் | இல்லை |
| உள்ளூரில் ரிப்பேர் | நீங்களேதான் | பாகம் வாங்கி மாற்றலாம் | எஸ்டேட் மெக்கானிக் போதும் | எளிது |
| ஒரு மணி ஓட்டத்துக்குக் கைவேலை | 2 மணி | அரை மணி | 1 மணி | 10 நிமிடம் |
| சிறுவர்களுக்கு | கூடாது | பெரியவர் துணையோடு | கூடவே கூடாது | நல்லது |

## பழைய வண்டி கிடைத்தால்

நைட்ரோவில் செகண்ட் ஹேண்ட் ஏராளம், காரணம் ஊகிக்கக்கூடியதே. "நல்லா ஓடும், இப்ப கொஞ்ச நாளா ஸ்டார்ட் பண்ணல" என்று விளம்பரம் இருந்தால் அவருக்கு ஸ்டார்ட் பண்ணத் தெரியவில்லை, அல்லது எஞ்சின் போய்விட்டது. இரண்டில் எது என்று கண்டுபிடிக்கப் பிளக்கைக் கழற்றிவிட்டு ஃபிளைவீலைக் கையால் சுற்றுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது பிஸ்டன் உச்சியில் இறுகப் பிடித்தால் உயிர் இருக்கிறது. பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பாகத்துக்குத்தான் ஆகும். நான் ஒருமுறை படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பி வாங்கிய வண்டியில் எஞ்சினுக்குள் மணலே இருந்தது. விற்றவர் அதன்பிறகு போனை எடுக்கவில்லை. பழைய லைப்போ மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

## மூவருக்கும் என்ன சொன்னேன்

கூடலூர் அம்மாவுக்கு யோசிக்கவே இல்லை. "பையனுக்கு ஒரு சின்ன கிராலர் வாங்கிக் கொடுங்கம்மா. புகை வேணும்னா பதினெட்டு வயசுக்கு மேல அவனே சம்பாதிச்சு வாங்கட்டும்." வாங்கிவிட்டார். பையன் இப்போது வீட்டுப் படிக்கட்டில் நாலாவது படியில் சிக்கிக்கொண்டிருக்கிறானாம், முன் அச்சில் எடை சேர்த்தால் ஏறுமா என்று கேட்டு அனுப்பினான். ஏறும்.

கட்டபெட்டு நண்பருக்கு உண்மையிலேயே பெட்ரோல் பொருந்தும்: இடம் இருக்கிறது, வொர்க்‌ஷாப் இருக்கிறது, கொழுந்து மிஷின் பார்க்கிற ஆள் இருக்கிறார். விலையைச் சொன்னதும், "ஏன்யா, இதுக்கு ஒரு பழைய புல்லட்டே வாங்கிடலாமே" என்றார். அது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

கேத்தி தம்பிக்குத்தான் நேரம் எடுத்தேன். அவன் வீடு கேரட் தோட்டத்துக்கு நடுவில், பக்கத்தில் ஆளில்லை. மாதம் இருமுறை கோவை போகிறான். எல்லாம் நைட்ரோவுக்கு ஏற்ற சாதகந்தான், ஒன்றைத் தவிர: அவனுக்குக் கழற்றி மாட்டப் பிடிக்குமா என்று அவனுக்கே தெரியாது. "வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம காலைல ஆறரைக்கு வா தம்பி. என் வண்டிய நீயே ஸ்டார்ட் பண்ணு" என்றேன்.

வந்தான். அன்று நல்ல குளிர், மூக்கு சிவந்திருந்தது. ஹேர் டிரையரைப் பற்றி வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன். முப்பது இழுப்பு. பிளக்கைக் கழற்றினான், துடைத்தான், மாட்டினான். இன்னும் இருபது. இக்னைட்டர் சார்ஜ் இறங்கியிருப்பதை அவனே கண்டுபிடித்து மாற்றினான். ஏழே கால் மணிக்கு எஞ்சின் ஒருமுறை இருமி, புகைவிட்டு, பிடித்துக்கொண்டது. கையெல்லாம் விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. ரிமோட்டை நீட்டினேன். வாங்கவில்லை. குனிந்து கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, இது கொஞ்சம் ரிச்சா இருக்குதுங்களா?" என்றான்.